எச்கி என்றால்தான் ஆடு திரும்பும்

நீங்களே பால் கறந்து, நீங்களே புழுக்கை அள்ளி, காலில் முள் தைத்தால் மடியில் கிடத்திப் பிடுங்கிவிட்டு வளர்த்த ஆடு, ஒருநாள் காலையில் நீங்கள் கூப்பிட்ட குரலுக்கு, பஸ் ஸ்டாண்டில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போலக் காதைக்கூட அசைக்காமல் நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

நெடுஞ்செவல் சண்முகக்கனி முதலில் ஆட்டைத் திட்டினாள். அப்புறம் காதுக்குள் விரலை விட்டு உண்ணி கிண்ணி அடைத்திருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் இடுப்பிலிருந்த மகளை இறக்கிவிட்டு, பட்டிப் படலைத் திறந்து, தினமும் கூப்பிடுகிற மாதிரியே "ஏ வெள்ளச்சி, ஏ சுட்டி, வாங்கட்டி, ம்ப்பா ம்ப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றும் தலையைத் தூக்கவில்லை. சீக்கு என்றும் சொல்ல வழியில்லை, எல்லாம் அசைபோட்டுக்கொண்டுதான் நின்றன, கண் தெளிவாக இருந்தது, மூக்கு ஈரமாக இருந்தது. அவளுடைய குரல் அவற்றின் காதில் விழுந்தது, ஆனால் அது தங்களுக்கான குரல் இல்லை என்று அவை முடிவுகட்டியிருந்தன, அவ்வளவுதான்.

"நேத்து என்னத்தப் போட்ட இதுகளுக்கு?" என்றான் அவள் புருஷன் பேச்சிமுத்து, வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டே.

"ஒங்களுக்குப் போட்டதத்தான் போட்டேன். நீங்களும் கூப்பிட்டா எங்க திரும்புதீக?" என்றாள் கனி.

சிரிக்கப் பேசுகிறவள்தான் கனி. பத்தாவது வரைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கணக்கில் கெட்டி. அம்மா செத்தபோது அவளுக்கு எட்டு வயது, தம்பி மகாராசனுக்குப் பல்லே முளைக்கவில்லை. அவனைத் தூக்கி வளர்த்த இடுப்பில்தான் இப்போது மகள் மகிழினி உட்கார்ந்திருந்தாள். அந்த மகாராசன், பாதிக் கிடை ஆட்டை விற்று அனுப்பி வைத்ததில், உஸ்பெகிஸ்தானில் சமர்கண்ட் பக்கம் ஓர் ஊரில் டாக்டருக்குப் படிக்கிறான். பாடமெல்லாம் இங்கிலீஷில்தான், ஆனால் வார்டுக்குள் போய்விட்டால் நோயாளி தன் வலியைத் தன் பாஷையில்தானே சொல்லுவான்? அதனால் முதல் வருஷமே உஸ்பெக் மொழிக்குத் தனியாக ஒரு டீச்சர், தனியாக ஒரு பரீட்சை. அதில் தேறாதவன் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆடுகள் அப்படி நின்றுகொண்டிருக்கும்போதே மகாராசன் போன் செய்தான். எந்தப் பாடத்தையும் அக்காவிடம் ஒப்பித்தால்தான் அவனுக்கு மண்டையில் நிற்கும், அக்காவுக்கு அது விளங்கியதா என்பது வேறு சங்கதி.

"அக்கா, மிருகம் பேரு நடத்துதாங்க. டீச்சர் சின்னப்பிள்ளைக படம் போட்ட அட்டையக் காட்டுதாங்க. நேத்து ரெண்டு பேரு மனப்பாடம் பண்ணிட்டேன். சொல்லட்டுமா?"

"சொல்லு சொல்லு. இங்க ஆடெல்லாம் செவுட்டுப் பொணமா நிக்குது, அதுக பாட்டுக்கு நிக்கட்டும்." போனை ஸ்பீக்கரில் போட்டுப் படல்மேல் வைத்துவிட்டுக் கனி விளக்குமாற்றை எடுத்தாள்.

"சிகிர். பசு. எச்கி. வெள்ளாடு."

பட்டியிலிருந்த அத்தனை வெள்ளாடும் தலையைத் தூக்கிப் போனைப் பார்த்தன. வெள்ளச்சி முன்னால் வந்து, படலில் காலை ஊன்றி நின்று, போனை நக்கியது. எதிர்வீட்டுத் தங்கபுஷ்பத்தின் பசு கயிற்றை இழுத்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டது.

கனி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். மெதுவாக, நாக்கு புரளாமல், "எச்கி" என்றாள். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. "எச்கி, எச்கி" என்றாள். தாய் கூப்பிட்ட குட்டிகளைப் போலப் படலைத் தள்ளிக்கொண்டு எல்லாம் அவள் முழங்காலில் வந்து முட்டின.

இதற்கு என்ன காரணம் என்று நெடுஞ்செவலில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஊர்க் கிணறு உப்புக் கரித்தபோதும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த கிணற்றுக்குத்தான் போனார்கள். கனியின் தம்பி அங்கே எந்த மிருகத்தின் பேரை மனப்பாடம் செய்கிறானோ, அந்த இனம் முழுவதும் இங்கே பழைய பேரைக் கழற்றிப் போட்டுவிடுகிறது என்பது இரண்டொரு வாரத்தில் எல்லோருக்கும் பிடிபட்டது, பிடிபட்டதும் ஊர் அதற்குத் தக்கபடி நடந்துகொண்டது. தண்ணீர் வருகிற நேரத்தையும் சாவுச் செய்தியையும் சொல்லுகிற கோயில் மைக்செட்டில், டேங்க் ஆபரேட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொதுமக்கள் கவனத்திற்கு, நேற்று முதல் கோழியானது தொவுக் என்று அழைக்கப்படும், சேவலானது ஹோரோஸ் என்று அழைக்கப்படும், ஆகவே சாயங்காலம் கூட்டில் அடைப்பவர்கள் அவ்வண்ணமே அழைத்துப் பயனடையுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று சொல்ல, பெண்கள் சோற்றுக் கையோடு வாசலில் நின்று "தொவுக்கு தொவுக்கு" என்று சொல்லிப் பழகினார்கள்.

சண்டைகூட மாறிப்போனது. தங்கபுஷ்பம் ஒருநாள் வரப்புத் தகராறில் சிவனணைந்தானைப் பார்த்து "போடா நாயே" என்றாள். வீட்டு நாயே கேட்காமல் படுத்திருந்த சொல்லுக்கு மனுஷன் எதற்குக் கோபப்பட வேண்டும் என்று அவர் பீடியை இழுத்துக்கொண்டு நின்றார். தங்கபுஷ்பம் விடுவாளா? கனியிடம் ஓடிவந்து நாயின் புதுப் பேரைக் கேட்டுக்கொண்டு திரும்பிப்போய், "இத்து! இத்து! நீ ஒரு இத்து!" என்று கத்தினாள். சிவனணைந்தானுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஊரிலிருந்த நாயெல்லாம் அங்கே கூடிவிட்டதால் சண்டையை மறுநாளைக்குத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் சிரிப்புத்தான். கனியும் சேர்ந்துதான் சிரித்தாள். மாடன் கோயில் கொடைத் திருவிழா வந்த அன்றைக்குத்தான் முதல்தடவையாக அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பி பரீட்சையில் தேற வேண்டும் என்று அவள் நேர்ந்துவிட்ட கிடாய் அது, வெள்ளச்சி ஈன்றது, நெற்றியில் பொட்டு வைத்தாற்போல வெள்ளை. மாலை போட்டு, மாடன் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, சாமியாடுகிற கோமரத்தாடி மாடக்கண்ணு அதன் தலையில் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். கிடாய் உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம், சிலுப்பாத ஆட்டின்மேல் கத்தி வைக்கிற வழக்கம் அந்த ஊரில் எந்தக் காலத்திலும் கிடையாது. "மாடா, உத்தரவு குடு" என்று அவர் தெளித்தார். கிடாய் நின்றது. மேளக்காரர் வேகத்தைக் கூட்டினார், குலவை போட்டார்கள், குடத்தோடு கவிழ்த்தார்கள், குளிப்பாட்டிய பிள்ளையைப் போலச் சொட்டச் சொட்ட நனைந்தும் அது அசையாமல் நின்றது. மேளம் நின்றுபோயிற்று. கொடை நின்றால் ஊருக்கு ஆகாது என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள்.

"ஏட்டி கனி," என்றாள் தங்கபுஷ்பம். "தமிழ்ல கேட்டா அதுக்கு என்ன எழவு புரியும்? ஒந் தம்பி பாஷையில கேளேன்."

"எனக்குப் பேரு மட்டுந்தான் மைனி தெரியும். 'ஒன்ன வெட்டட்டுமா'ங்கிறதுக்கு என்ன வார்த்தையோ, யாருக்குத் தெரியும்?"

"பேரச் சொல்லு போதும்," என்றார் மாடக்கண்ணு. "மிச்சத்த மாடன் கேட்டுக்கிடுவான்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கனி, சாயங்காலம் பிண்ணாக்குத் தண்ணீர் வைத்துக் கூப்பிடுகிற அதே குரலில், "எச்கி" என்றாள். கிடாய் திரும்பி அவளைப் பார்த்தது. பார்த்து, தன்னை யாரோ அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷத்தில், கொம்பிலிருந்து வால்வரைக்கும் சிலுப்பியது. குலவைச் சத்தத்தில் அப்புறம் நடந்தது எதுவும் அவள் காதில் விழவில்லை. அன்றைக்குக் கறிச்சோறு ஊரெல்லாம் மணந்தது. கனி வீட்டில் மட்டும் அவள் ரசம் வைத்துச் சாப்பிட்டாள். கூப்பிட்டால் வருகிறவர்களுக்குக் கூப்பிடுவது எதற்கென்று தெரியாது என்ற நினைப்பு அவளை விட்டுப் போகவில்லை.

அடுத்து காக்கா போயிற்று. அமாவாசைக்கு அம்மாவை நினைத்து ஓட்டின்மேல் சோறு வைத்து "கா, கா" என்று கனி கூப்பிட, வேப்பமரம் நிறைய உட்கார்ந்திருந்தும் ஒன்றும் இறங்கி வரவில்லை. மகளுக்குச் சோறூட்டக் காட்டினாலும் அவை வேறு திசையைப் பார்த்தன. மகிழினிக்கோ பேச்சே பிந்தித்தான் வந்தது. ஒத்த வயசுப் பிள்ளைகள் பாட்டுப் பாடும்போது இவள் விரலை நீட்டி "ம்ம்" என்பாள், மூன்று வயதை நெருங்கும்போதுதான் வாய் திறந்து, அம்மா, மாமா, காக்கா, பால் என்று நாலே நாலு சொல்லைச் சேர்த்து வைத்திருந்தாள். அதில் ஒன்று இப்படிக் கையைவிட்டுப் போனதில் பிள்ளை கொல்லைப்பக்கம் உட்கார்ந்து "காக்கா, காக்கா" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டு அழுதாள். கனி தம்பியிடம் கேட்டு, முதலில் தான் பழகிக்கொண்டு, பிறகு மகளைப் பழக்கினாள். "கர்கா சொல்லு தங்கம். கர்கா." பிள்ளையின் வாயில் அந்தச் சொல் ஏற அடுத்த அமாவாசை வந்துவிட்டது. அன்றைக்கு ஓட்டின்மேல் சோறு வைத்து, தாயும் மகளுமாகக் "கர்கா, கர்கா" என்று கூப்பிட, ஒரே ஒரு காக்கா வந்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டது. செத்துப்போன அம்மாவும் இந்த வயசில் இந்தப் பாஷையைப் படிக்க வேண்டியதாகிவிட்டதே என்று கனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் ஊர் ஒரு காரியம் செய்தது. அது தப்பென்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. ஆடு மேய்க்கிற ஊரில் பாதி இங்கேயும் பாதி அங்கேயுமாக நின்றால் பிழைப்பு நடக்காது. வெள்ளாடும் செம்மறியும் கலந்துதான் கிடை. பேச்சிமுத்து "எச்கி" என்று கூப்பிட்டால் வெள்ளாடு ஓடையைத் தாண்டி வரும், செம்மறி அக்கரையிலேயே நிற்கும். பழைய குரலில் கூப்பிட்டால் செம்மறி இந்தப் பக்கம் வரும், வெள்ளாடு அந்தப் பக்கமே நிற்கும். ஓடையில் தண்ணீர் வந்த அன்றைக்கு இரண்டு குட்டிகள் அடித்துக்கொண்டு போயின. ஊர்க்கூட்டம் போட்டார்கள். படிப்பை நிறுத்தச் சொல்லலாமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, நம்மூரில் ஒருத்தன் டாக்டராகப் போகிறான், அவன் படிப்பை நிறுத்துகிறதாவது. அவனைச் சீக்கிரம் படிக்கச் சொல்ல வேண்டும், எல்லா மிருகத்தையும் ஒரே மூச்சாக முடிக்கச் சொல்ல வேண்டும் என்றுதான் பேசி முடித்தார்கள். சொல்ல வேண்டிய பொறுப்பு, போன் அவளிடம் இருப்பதால், கனிக்கு வந்தது.

அவள் சொன்னாள். தினமும் சொன்னாள். "செம்மறி முடிச்சிட்டியால? பூனைய என்னைக்குப் படிப்ப? மயிலு தோட்டத்துல விழுந்து எல்லாத்தையும் கொத்துது, வெரட்டுனா போக மாட்டேங்குது, புதுப் பேரச் சொன்னாவாது கேக்குதான்னு பாப்போம், அதையும் படி." பக்கத்தில் நிற்கிறவர்கள் போனைப் பிடுங்கிப் பேசினார்கள். "தம்பி மகாராசா, எங்க எருமைய மறந்திராதப்பா. எங்கிட்ட மட்டும் எருமை பழைய பாஷையிலயே நிக்குன்னு எல்லாவனும் கேலி பண்ணுதான்." அட்டையில் எருமைப் படம் இல்லை என்று அவன் சொல்ல, டீச்சரிடம் தனியாகக் கேட்டாவது படி என்றார் எருமைக்காரர். பல்லி, எறும்பு, ஓணான்வரைக்கும் விடவில்லை. பிள்ளை தூக்கத்தை விட்டுப் படித்தான். வகுப்பில் அவனைத் தட்டிக்கொடுத்த டீச்சர், இவ்வளவு வேகமாகப் படிக்கிற பையனுக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று அடுத்த பாடத்தைத் திருப்பினார்.

அடுத்த பாடம் குடும்பம்.

நெடுஞ்செவலுக்கு அது தெரியாது. கனிக்கும் தெரியாது. ஒருநாள் மத்தியானம் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, வாசலில் படலுக்கு முள் கட்டிக்கொண்டிருந்த புருஷனை, "மாமா, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். அவன் முள்ளைக் கட்டிக்கொண்டிருந்தான். "மாமா, ஆறிப்போவுது." அவன் பல்லால் கயிற்றை இறுக்கினான். காலையில் டீக்கு இனிப்புப் பத்தவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டு, அவள் தட்டை அவன் மடியிலேயே கொண்டுபோய் வைத்தாள். "சாப்பிடக் கூப்பிடணும்னு தோணுச்சா ஒனக்கு?" என்றான் அவன், நிசமாகவே வருத்தப்பட்டு. தெருவில் பிள்ளைகள் கடைக்குப் போய் "மாமா, முறுக்கு, மாமா, முறுக்கு" என்று கத்திக்கொண்டு நின்றதையும், கடைக்காரரான சிவனணைந்தான் உள்ளே உட்கார்ந்து தினத்தாள் படித்துக்கொண்டிருந்ததையும் அவள் பார்த்தாள். பார்த்தும் சேர்த்து யோசிக்கவில்லை.

சாயங்காலம் தம்பி வீடியோவில் வந்தான். மகிழினி வழக்கம்போலப் போனைக் கையில் வாங்கிக்கொண்டு, அவளிடம் மிச்சமிருந்த மூன்று பழைய சொற்களில் ஒன்றை எடுத்து, "மாமா" என்றாள். அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா! மாமா!" பிள்ளை போனைத் தட்டினாள், முத்தம் கொடுத்தாள், கண்ணாடியில் எச்சிலாக்கினாள். அவன் முகம் அங்கே தெளிவாக இருந்தது, கண் தெளிவாக இருந்தது. அந்தக் கண்ணைக் கனி இதற்கு முன்னால் பார்த்திருக்கிறாள்.

"மகாராசா!" என்றாள்.

"என்னக்கா?" சட்டென்று திரும்பினான். "பாப்பா ஏன் அழுதா? எங்கூடப் பேச மாட்டேங்குதா?"

"நேத்து என்னல படிச்ச?"

"மிருகம் முடிஞ்சிட்டுல்லாக்கா. குடும்பம் ஆரம்பிச்சிருக்காங்க. மொத வார்த்தை தாய்மாமன். தோகா."

கனி மகளின் காதோடு வாயை வைத்து, அவளுக்கும் கேட்கிற மாதிரி, "தோகா" என்றாள். போனில் தம்பி திரும்பினான். அதே நொடியில், வாசலில் முள் கட்டிக்கொண்டிருந்த பேச்சிமுத்துவும் அரிவாளோடு திரும்பிப் பார்த்து, "என்ன, கூப்பிட்டியா?" என்றான்.

மறுநாள் மைக்செட்டில் அதுவும் ஒலித்தது. மாமனை இனி இன்னவாறு அழைக்க வேண்டும். ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது, கோழியை ஏற்றுக்கொண்ட ஊருக்கு மாமன் என்ன பிரமாதம்? பிள்ளைகள் "தோகா, முறுக்கு" என்றார்கள், சிவனணைந்தான் எழுந்து வந்தார். "இதுக்கு எதுக்குட்டி மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க?" என்றாள் தங்கபுஷ்பம். "அப்பன், சித்தி, பெரியம்மான்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிக்கச் சொல்லு ஒந் தம்பிய. தெனம் ஒண்ணொண்ணா வந்தா எம் புத்தியில நிக்க மாட்டேங்குது."

"அம்மாவும் வருமே மைனி."

"வரட்டும். எம் மவன் ஆத்தான்னு கூப்பிட்டாலும் காசுக்குத்தான் கூப்பிடுவான், அங்கன உள்ளதச் சொல்லிக் கூப்பிட்டாலும் காசுக்குத்தான் கூப்பிடுவான்."

கனி சிரித்தாள். ஆனால் தங்கபுஷ்பத்தின் மகன் இருபது வயசுக்காரன், எந்தச் சொல்லையும் ஒரே நாளில் பிடித்துக்கொள்வான். மகிழினிக்குக் கர்கா ஏறவே ஓர் அமாவாசையிலிருந்து மறு அமாவாசை ஆயிற்று. அம்மா என்ற சொல்லும் அப்படிப் போனால், இடைப்பட்ட நாட்களில் பிள்ளை தொட்டித் தண்ணீரில் எட்டிப்பார்த்து வழுக்கி விழுந்து அம்மா என்று கத்தினால், காய்ச்சலில் அம்மா என்று முனகினால், கனி அடுப்படியில் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு எந்தக் குறையும் இருக்காது. கண் தெளிவாக இருக்கும். யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று கரண்டியைக் கழுவிக்கொண்டிருப்பாள். திரும்பாத ஆட்டுக்குத் தன்னைக் கூப்பிட்டது தெரியவே தெரியாது. அன்றைக்கு முழுக்க மகள் "அம்மா" என்று சொல்லச் சொல்ல, கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, தேவைக்கு மேலேயே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"வேண்டாம்னு சொல்லிரு," என்றான் பேச்சிமுத்து. "அந்த ஒரு வார்த்தைய மட்டும் படிக்காதன்னு சொல்லு. அக்கா சொன்னாக் கேக்க மாட்டானா?"

"கேப்பான். அதான் பயமாருக்கு," என்றாள் கனி.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தம்பி கூப்பிட்டான். வீடியோவில் அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, சட்டை தோளில் தொங்கியது.

"ஏல, சாப்பிடுதியா இல்லையா?"

"சாப்பிடுதேன்க்கா. பிஸ்கட்டு, டீ."

"ஆஸ்டல்ல சோறு போடலையா?"

அவன் மெதுவாகச் சொன்னான். அங்கே சமையல் கட்டில் ஒய்தின் என்று ஒரு பெண் இருக்கிறாள், நாற்பத்தைந்து வயதிருக்கும், தலையில் பூப்போட்ட துணி கட்டியிருப்பாள், வட்ட வட்டமாக ரொட்டி சுடுவாள். இவன் காய்ச்சலில் படுத்திருந்தபோது சூப்பு கொண்டுவந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்து, உட்கார்ந்து ஊட்டியிருக்கிறாள். இவன் அவளை மேடம் என்று கூப்பிட, அவள் சிரித்துவிட்டு, அப்படிக் கூப்பிடாதே, என்னை அம்மா என்று கூப்பிடு என்று சைகையில் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, அந்தச் சொல்லைச் சொல்ல வாயெடுத்திருக்கிறாள்.

"நான் காத ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டேன்க்கா. என்னமோ பைத்தியக்காரன்னு நெனச்சிருப்பாங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல. போனா கூப்பிடச் சொல்லுவாங்க. கேட்டா மனசுல நின்னுரும். நின்னுட்டா அங்கன பாப்பாவுக்கு..." அவன் முடிக்கவில்லை. "ஆனா நாளைக்கு வகுப்புலயே அந்தப் படந்தான். நான் போகலன்னா பரீட்சை போயிரும். நீ என்ன சொல்லுதியோ அதச் செய்யுதேன்க்கா. வேண்டாம்னா வந்துருதேன்."

கனி போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு விசயம் சொன்னா கோவப்பட மாட்டியே?" என்றான் அவன். "தமிழ்ல அந்த வார்த்தையச் சொல்லி நான் யாரையும் கூப்பிட்டதே இல்லயேக்கா. நீ அக்கா. எனக்கு வெவரம் தெரிஞ்சதுல இருந்து அக்காதான். ஊர்ல எல்லாப் பயலும் கூப்பிடுவான், நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். இங்கன ஒருத்தங்க தானா வந்து கூப்பிடச் சொன்னப்ப எனக்கு என்னமோ மாரி ஆயிட்டு. அதான் ஓடிட்டேன். பாப்பாவுக்காக மட்டும் இல்ல."

வாசலில் ஆடுகள் அசைபோடுகிற சத்தம் கேட்டது. பேச்சிமுத்து சைகையில் வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினான். மகிழினி கனியின் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா" என்றாள். கனி குனிந்து அவளைப் பார்த்தாள், இன்னொரு தடவை சொல்லு என்றாள், பிள்ளை சொன்னாள், இன்னொரு தடவை என்றாள், பிள்ளை இது என்ன விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கனி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். துடைத்தபிறகு அது ஆட்டுக்கு மருந்து கலக்கும்போது இருக்கிற முகமாகிவிட்டது.

"ராசா, அழாம நான் சொல்லுததக் கேளு. நாளைக்கு வகுப்புக்குப் போகாத, வயித்து வலின்னு லீவு சொல்லு, பெறவு ஒரு மாசமானாலும் அந்தப் படத்தப் பாக்காமத் தள்ளு, டீச்சர்கிட்ட கெஞ்சு, காலுல விழு, எப்பிடியோ தள்ளு. அதுக்குப் பெறவு படி. பரீட்சை எழுது. அந்தம்மா கையால வயிறு நெறையச் சாப்பிடு, அவங்க சொன்ன மாரியே வாய் நெறையக் கூப்பிடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப நீ எந்திரிச்சு அந்த ஒய்தினம்மாவ இந்தப் போனுக்கு முன்னால கூட்டியாந்து உக்கார வையி. அந்த வார்த்தைய எம் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லு, தெனமும் சாயங்காலம் வந்து சொல்லிக் குடுக்கச் சொல்லு. அவ வாயில அது நிக்கிற வரைக்கும் மட்டும், எஞ்சாமி, நீ காதப் பொத்திக்கோல."